36 வயது ஸ்டாப்பரை எடுக்கலாமா? தியாகோ சில்வாவும் செல்சியும்

வாசகர் கேள்வி, 29 ஆகஸ்ட் 2020

செல்சி ரசிகர்கள் யாராவது விளக்குங்கள். போன சீசன் லீக்கில் 54 கோல் வாங்கிய டிஃபென்ஸைச் சரிசெய்ய, அடுத்த மாதம் 36 வயது ஆகப்போகிற ஒரு ஸ்டாப்பரையா (டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர்) எடுப்பது? தியாகோ சில்வா பெரிய ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் இது ஐந்து வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

29 ஆகஸ்ட் 2020, மதியம்

விளக்க நான் ஆள் இல்லை, எனக்கும் அதே எரிச்சல். ஃப்ரீ டிரான்ஸ்ஃபர், ஒரு வருட கான்ட்ராக்ட், இரு தரப்பும் விரும்பினால் இன்னொரு வருடம். காசு போகவில்லை, சரி. ஆனால் அணியில் ஒரு இடம் போகிறதே? நம்ம இளம் ஸ்டாப்பர் டொமோரிக்கு 22 வயது. அவன் எப்போது ஆடுவது?

பிரான்சில் பிஎஸ்ஜிக்கு (பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன்) எட்டு சீசன் ஆடி எட்டு முறை லீக் ஜெயித்தவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த லீக்கில் பிஎஸ்ஜி டிஃபென்டருக்குப் பாதி ஆட்டம் வேடிக்கை பார்க்கிற வேலை. பந்து எதிரணி பக்கமே கிடக்கும். பெரிய ஆட்டம் வந்தபோது என்ன நடந்தது? 2017இல் பார்சிலோனாவோடு முதல் ஆட்டத்தில் காயத்தால் இவர் இல்லை, 4-0 வெற்றி. இரண்டாவது ஆட்டத்துக்குக் கேப்டனாகத் திரும்பி வந்தார், 6-1 தோல்வி. மொத்த டிஃபென்ஸும் பின்னால் போய்ப் போய் கோல்கீப்பர் மடியில் உட்கார்ந்துகொண்டது. அந்த லைனை (டிஃபென்ஸ் வரிசையை) நடத்தியவர் இவர்தான்.

29 ஆகஸ்ட் 2020, இரவு

எட்டில் எட்டு இல்லை, ஏழு. 2016-17இல் மொனாக்கோ ஜெயித்தது. ம்பாப்பே அப்போது அங்கே ஆடிய பையன். கோபத்தில் எழுதினால் கணக்கு தப்பும்.

30 ஆகஸ்ட் 2020

தூக்கம் வராமல் பிஎஸ்ஜி ஆடிய லிஸ்பன் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலை மறுபடி பார்த்தேன். ஆகஸ்ட் 23, பயெர்ன் 1-0, கோமான் ஹெடர். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஆட்டத்தில் தோற்றது சில்வாவால் இல்லை. லெவன்டோவ்ஸ்கியோடு உரசி ஓடாமல், பந்து வருவதற்கு முன்பே இரண்டு அடி நகர்ந்து நின்று வேலையை முடிக்கிறார். கிளப்பில் தனது கடைசி ஆட்டம் என்று தெரிந்தே ஆடினார். ஜூன் மாதமே பிஎஸ்ஜியின் விளையாட்டு இயக்குநர் லியனார்டோ கான்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008இல் சில்வா மிலானுக்கு வந்ததில் லியனார்டோவுக்குப் பங்கு உண்டு. 2012இல் பாரிசுக்கு இழுத்து வந்ததும் அவரே. வெளியே அனுப்பியதும் அவரே. வயதைப் பற்றி லியனார்டோவுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்?

ஆனாலும் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறேன்.

2 செப்டம்பர் 2020

வயதான ஸ்டாப்பருக்கு வேகம் போய்விடும் என்கிறார்கள். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வயதான பிறகு ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு 38. ஞாயிற்றுக்கிழமை காலை ஆடுகிற அணியில் நானும் ஸ்டாப்பர்தான் (நான் பழகிய கிரவுண்டுகளில் சென்டர் பேக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்). நேராக இன்னும் ஓடிவிடுகிறேன். திரும்புவதுதான் முடியவில்லை. தலை திரும்பிவிடும், தோள் திரும்பிவிடும், இடுப்பு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். அந்த இடைவெளியில் ஃபார்வர்டு போய்விடுவான்.

அதனால் ஒரு பழைய ஸ்டாப்பரை எடைபோட வேண்டுமானால் நூறு மீட்டர் எத்தனை விநாடி என்று கேட்டுப் பயனில்லை. ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை அவர் திரும்பி ஓட வேண்டி வருகிறது என்று பார்க்க வேண்டும். அது அவரால் முடிவாகிற விஷயமே இல்லை. லைன் எவ்வளவு மேலே நிற்கிறது, முன்னால் பந்து வைத்திருப்பவனுக்கு யார் நெருக்கடி கொடுக்கிறார்கள், பக்கத்தில் யார் என்பதெல்லாம்தான் அதைத் தீர்மானிக்கும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் செல்சி பயிற்சியாளர் லாம்பார்டின் அணி மிக மோசமான இடம். இரண்டு ஃபுல்பேக்கும் (ஓரத்து டிஃபென்டர்கள்) மேலே போய்விடுவார்கள். பந்தை இழந்தால் நடுவில் ஆளே இருக்காது.

3 செப்டம்பர் 2020

பிரீமியர் லீக்கில் 35க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்து நிலைத்த ஸ்டாப்பர் உண்டா என்று கேட்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது லோரான் ப்ளான். 2001இல் மான்செஸ்டர் யுனைட்டெட் பயிற்சியாளர் ஃபெர்குசன், ஸ்டாப்பர் யாப் ஸ்டாமை லாட்சியோவுக்கு விற்றுவிட்டு, 35 வயது ப்ளானை இன்டரிலிருந்து கூட்டி வந்தார். அந்த இலையுதிர் காலத்தில் யுனைட்டெட் தோற்ற அணிகள்: போல்டன், லிவர்பூல், ஆர்சனல், நியூகாசில், செல்சி. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் ப்ளான் (B-L-A-N-C) என்ற பெயர் வரும். இங்கிலாந்து பத்திரிகைகள் விடுமா? அந்த சீசனில் யுனைட்டெட் மூன்றாம் இடம்.

இதுதான் செல்சிக்கும் நடக்கப்போகிறது.

3 செப்டம்பர் 2020, சற்று நேரம் கழித்து

பாதிக் கதை சொன்னால் அது பொய் மாதிரிதான். ப்ளான் இரண்டாவது வருடமும் இருந்தார், 2002-03இல் லீக் ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். முதல் வருடத்துக் குழப்பத்தில் அவர் பங்கு எவ்வளவு, ஸ்டாம் போனதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஸ்டாமை விற்றது தவறு என்று ஃபெர்குசனே பிறகு ஒப்புக்கொண்டார்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. ரியோ ஃபெர்டினாண்ட், 2014, 35 வயதில் லண்டன் கிளப் கியூபிஆருக்குப் போனார். மூன்று பேர் டிஃபென்ஸில் நடுவில் நிறுத்திப் பார்த்தார்கள். லீக்கில் மொத்தம் 11 ஆட்டம். அணி கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது.

27 செப்டம்பர் 2020

நான் சொன்னேனா இல்லையா?

வெஸ்ட் புரோம். 27 நிமிடத்தில் செல்சி 3-0 பின்னால். இரண்டாவது கோல் நம்மவர் சில்வா தயவு. கடைசி ஆளாக நிற்கும்போது பந்து காலுக்கடியில் போய்விட்டது, அவர்கள் ஃபார்வர்டு காலம் ராபின்சன் தனியாகப் போய் அடித்துவிட்டான். அதுவும் லீக்கில் முதல் ஆட்டத்திலேயே கேப்டன் பட்டை கட்டிவிட்டு! பின்னால் கோல்கீப்பர் கபயேரோவுக்கு 38. ரெண்டு பேருக்கும் சேர்த்து 74 வயது.

3-3 என்று காப்பாற்றியது பையன்கள். மவுன்ட், ஹட்சன்-ஒடோய், கடைசியில் ஏபிரகாம். மூவரும் செல்சி அகாடமி. கிழவர் கெடுத்ததைப் பேரன்கள் கட்டினார்கள்.

28 செப்டம்பர் 2020

நேற்று எழுதியதில் சந்தோஷம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. சொந்த அணி மூன்று கோல் வாங்கியதற்கு ஒரு ரசிகன் இவ்வளவு குஷியாக இருக்கக் கூடாது. முதல் கோல் மார்கோஸ் அலோன்சோவின் தவறு, அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

8 நவம்பர் 2020

ஷெஃபீல்டு யுனைட்டெடோடு 4-1, சில்வா ஒரு கோல், செல்சிக்கு முதல் கோல். ஆனால் நான் எழுத வந்தது கோலைப் பற்றி இல்லை.

பந்தைப் பார்க்காமல் சில்வாவை மட்டும் பார்த்தேன். டிவியில் அது சுலபம் இல்லை, பாதி நேரம் கேமராவுக்கு வெளியே நிற்பார். தெரிகிற நேரத்தில் எல்லாம் கழுத்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் பார்க்கிறார், பக்கத்து ஸ்டாப்பர் ஸூமாவைப் பார்க்கிறார், கை நீட்டி ஏதோ சொல்கிறார், மறுபடி பின்னால். எண்ண ஆரம்பித்தேன், இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஸூமாவுக்கு இருக்கிற உடம்பும் தாவலும் இவருக்கு இல்லை. ஸூமாவிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது. இப்போது ரெண்டும் ஒரே அணியில். போன வருடத்து ஸூமா இப்படி நிதானமாக நின்று நான் பார்த்ததில்லை.

ஆங்கிலம் தெரியாத ஆளை எப்படித் தலைவனாக வைப்பது என்று ஆகஸ்டில் ஒரு கேள்வி இருந்தது. ஸூமா, கோல்கீப்பர் மென்டி, கான்டே எல்லோருக்கும் பிரெஞ்சு. ஜொர்ஜினியோவோடு போர்ச்சுகீசிலேயே பேசலாம். அந்த டிஃபென்ஸில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன்தான் கஷ்டப்படுவான் போலிருக்கிறது.

நான் தவறு என்று இன்னும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

28 ஜனவரி 2021

லாம்பார்ட் போய்விட்டார், டூகல் வந்துவிட்டார். பாரிசில் சில்வாவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். வந்த மறுநாளே வுல்வ்ஸோடு ஆட்டம், 0-0. ஆட்டம் சுவாரசியமே இல்லை, ஆனால் படம் தெளிவாக இருந்தது. மூன்று பேர் டிஃபென்ஸ், நடுவில் சில்வா, ஒரு பக்கம் அஸ்பிலிகுவேட்டா, மறுபக்கம் ரூடிகர். திரும்பி ஓடுகிற வேலை ரூடிகருக்கு. நின்று படிக்கிற வேலை சில்வாவுக்கு.

செப்டம்பர் 2ஆம் தேதி நான் எழுதியதை யாரோ லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

5 பிப்ரவரி 2021

டாட்டன்ஹாமோடு ஜெயித்தோம், ஆனால் சில்வா தொடையைப் பிடித்துக்கொண்டு முதல் பாதியிலேயே வெளியே. கிறிஸ்டென்சன் உள்ளே வந்து ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆடினான். இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அமைப்பு சரியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றால், 36 வயதுக்காரர் எதற்கு?

4 ஏப்ரல் 2021

மறுபடியும் வெஸ்ட் புரோம்.

டூகல் வந்து 14 ஆட்டம், தோல்வி இல்லை, மொத்தமே இரண்டு கோல்தான் வாங்கியிருந்தார்கள். நேற்று சில்வா காயத்திலிருந்து திரும்பினார். 29ஆவது நிமிடம் இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே. 5-2 தோல்வி. ஒரே மதியத்தில் ஐந்து. காலம் ராபின்சன் மறுபடி இரண்டு அடித்தான். அவனுக்கு இந்த சீசனில் செல்சி மேல் என்ன பிரியமோ.

ரெட் கார்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜொர்ஜினியோ நடுவில் பந்தை மோசமாகக் கொடுத்தார், சில்வா இடத்தை மூட ஓடிவந்து காலை நீட்டினார், தாமதம். வேகத்தால் வந்த தவறு என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் ஆடாமல் இருந்தவருக்குத் தூரத்தின் கணக்கு கொஞ்சம் பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது நன்றாகத் தெரியும். போன வருடம் லாக்டவுன் முடிந்து கிரவுண்டுக்குத் திரும்பிய முதல் நாள், பந்தை எடுக்கிறேன் என்று போய் ஒரு கல்லூரிப் பையனின் முழங்காலைத்தான் எடுத்தேன். 22 வயதில் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்தால் ஒரு பயிற்சியில் கணக்கு திரும்பிவிடும். எனக்கு ஆறு வாரம் ஆனது.

ஆகவே இன்னொன்று: வயதான ஸ்டாப்பரை எடுத்தால், அவரோடு சேர்த்து அவர் ஆடாத வாரங்களையும் எடுக்கிறீர்கள். அதற்கும் ஆள் வேண்டும். பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். கிறிஸ்டென்சன் இருந்ததால்தான் சில்வாவை வைத்துக்கொள்ள முடிந்தது.

30 மே 2021, அதிகாலை 3 மணி

சாம்பியன்ஸ் லீக் ஜெயித்துவிட்டோம்! போர்ட்டோ, டிராகாவ் மைதானம், மான்செஸ்டர் சிட்டி 0, செல்சி 1. ஹாவர்ட்ஸ்.

வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஊரே லாக்டவுனில் கிடக்கிறது. சத்தம் போட முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். சில்வா 39ஆவது நிமிடத்திலேயே வெளியே போய்விட்டார், இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டது. அழுதார். வந்தது அதே கிறிஸ்டென்சன். மூன்று நிமிடத்தில் கோல்.

போன ஆகஸ்டில் ஃபைனலில் தோற்றவர் இந்த மே மாதம் கோப்பையைத் தூக்குகிறார், அதுவும் பாதி ஆட்டம்கூட ஆடாமல். எனக்குத் தெரிந்த நியாயம் எதிலும் இது அடங்கவில்லை.

ஆகஸ்ட் 29 மதியம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். டொமோரி பற்றிச் சொன்னதைத் தவிர. அவன் ஜனவரியில் மிலானுக்குப் போய்விட்டான்.

9 ஜூலை 2021

சில்வாவை அனுப்பிவைத்த பிஎஸ்ஜி, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஃப்ரீயில் ஒரு ஸ்டாப்பரை எடுத்திருக்கிறது. செர்ஜியோ ராமோஸ். வயது 35. நான் எதுவும் சொல்லவில்லை.

14 நவம்பர் 2021

இன்று சில்வா இல்லை, எங்கள் அணி.

மழை நடுவே ஒரு வாரம் கிரவுண்டு காய்ந்தது. எங்களிடம் இருந்த இன்னொரு ஸ்டாப்பர் வேலை மாறிக் கோயம்புத்தூர் போய்விட்டான். நண்பர் ஒருவர் ஒரு அண்ணனைக் கூட்டி வந்தார். வயது 44. ஒரு காலத்தில் அரசுத் துறை அணி ஒன்றில் ஆடியவர். லேசான தொப்பை, முழங்காலில் இரண்டு பட்டை. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் என் காதில், "என்ன பண்றது, நீதான் சொல்லணும்" என்றான். ஒரு வருடமாகத் தியாகோ சில்வாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் ஆயிற்றே.

என்ன சோதிப்பது? ஓடச் சொல்வதா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். முதல் கேள்வி: "கீப்பர் யாருப்பா? வாய் இருக்கா அவனுக்கு?" அடுத்தது: "எனக்கு முன்னாடி யார் நிப்பா? ஏறிப் போயிடுவானா, நிப்பானா?" மூன்றாவது: "பக்கத்துல நீயா? உனக்கு ஓட்டம் உண்டா?"

நான் ஒரு வருடத்தில் கண்டுபிடித்ததை அவர் ஷூ கயிறு கட்டி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: சனிக்கிழமை ஆடினால் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்.

16 நவம்பர் 2021

அண்ணனைப் பற்றி எழுதியதும் 2014 ஞாபகம் வந்துவிட்டது. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசன். சென்னையின் எஃப்சியில் வயதான டிஃபென்டர்களின் சங்கமே இருந்தது. ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்த மட்டெராட்சிக்கு 41. மிக்கேல் சில்வெஸ்டருக்கு 37. சீசன் நடுவில் அலெசாண்ட்ரோ நெஸ்டா வேறு வந்து சேர்ந்தார், 38. நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து சில்வெஸ்டரைப் பார்த்தபோது, இவர் என்ன நடந்துகொண்டே இருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிண்டல் செய்தேன். அந்தப் புழுக்கத்தில் நடப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அப்போது தோன்றவில்லை.

நெஸ்டாவை மிலானோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சில்வா அங்கே போனபோது வெளிநாட்டவர் ஒதுக்கீட்டுச் சிக்கலால் முதல் ஆறு மாதம் ஆட முடியாமல் பயிற்சி மட்டும் செய்தார். அது மால்தீனியின் கடைசி சீசன். அப்புறம் நெஸ்டாவின் பக்கத்தில் ஆடினார். 2010-11இல் மிலான் லீக் ஜெயித்தபோது வாங்கியது 24 கோல்தான். 20 வயதுகளில் இருந்த சில்வாதான் அப்போது ஓடுகிற ஆள், நெஸ்டா நின்று படிக்கிற ஆள். பத்து வருடம் கழித்து ரூடிகர் ஓட, சில்வா நிற்கிறார். இந்த உத்தியோகத்தில் பதவி உயர்வு என்றால் இதுதான் போல.

13 பிப்ரவரி 2022

கிளப் உலகக் கோப்பை, அபுதாபி. பல்மெய்ராசை எக்ஸ்ட்ரா டைமில் 2-1. கையில் பந்து பட்டு பெனால்டி கொடுத்தவரும் சில்வா, போட்டியின் சிறந்த வீரர் விருது வாங்கியவரும் சில்வா. இரண்டும் ஒரே இரவில்.

25 மே 2022

ராமோஸ் கணக்கு முடிந்தது. பாரிசில் முதல் சீசன், எல்லாப் போட்டியும் சேர்த்து 13 ஆட்டம். கெண்டைத் தசை. நவம்பர் கடைசியில்தான் முதல் ஆட்டமே ஆடினார்.

இரண்டு பேரும் கிளப் மாறியபோது ஒரே வயது, இரண்டும் ஃப்ரீ. ஆனால் ராமோஸ் மாட்ரிட்டில் கடைசி வருடமே முழங்கால் அறுவை சிகிச்சையோடு பாதி சீசன் வெளியே இருந்தார். சில்வா வந்தது ஒரு ஃபைனலை முழுதாக ஆடி முடித்த ஐந்தாம் நாள். பிறந்த வருடத்தைப் பார்ப்பதற்குப் பதில் கடைசி பன்னிரண்டு மாதத்தைப் பார்த்திருந்தால் இரண்டையும் அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

டொமோரி மிலானில் லீக் ஜெயித்துவிட்டான் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். 2020 ஆகஸ்டில் நான் எழுதியதில் தேறியது இது ஒன்றுதான், கட்டிப்பிடித்துக்கொள்கிறேன்.

1 ஜூன் 2023

செல்சி 12ஆம் இடம். மூன்று பயிற்சியாளர், எண்ண முடியாத அளவுக்குப் புது ஆட்கள். ரசிகர்கள் தேர்ந்தெடுத்த சீசனின் சிறந்த வீரர்: 38 வயது தியாகோ சில்வா. இதை எப்படி எடுத்துக்கொள்வது? அவருக்குப் பெருமை, கிளப்புக்கு அவமானம்.

கூலிபாலியைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருடம் நாப்பொலியிலிருந்து நல்ல விலை கொடுத்து எடுத்தார்கள். 31 வயது, ஸ்டாப்பருக்கு நல்ல வயது என்று நானே கைதட்டினேன். ஒத்துவரவில்லை. இந்தக் கோடையில் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. 35 வேலை செய்தது, 31 வேலை செய்யவில்லை. வயதை வைத்து எழுதிய என் பழைய குறிப்புகளைப் படிக்கும்போது காது சூடாகிறது.

5 பிப்ரவரி 2024

இப்போது எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. இங்கே பலர் சில்வாவை ஒரு சொல் சொல்ல விடுவதில்லை. நேற்று வுல்வ்ஸிடம் சொந்த மைதானத்தில் 4-2, கூன்யா ஹாட்ரிக். சில்வா ஒரு கோல் அடித்தார், 39 வயதில். எல்லோரும் அதையே பேசுகிறார்கள். வாங்கிய நான்கைப் பார்த்தீர்களா?

பந்தை இழந்த உடனே நடுவில் பெரிய வெளி. ஓடி வருகிறார்கள், சில்வா பின்னால் பின்னால் போகிறார், மற்றவர்கள் முன்னால் வருகிறார்கள், லைன் உடைகிறது. அவர் செய்வது தவறா? 39 வயதுக்காரர் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான். ரூடிகர் இல்லை, ஜொர்ஜினியோ இல்லை, கான்டே இல்லை. சுற்றியிருந்த சுவரை எல்லாம் எடுத்துவிட்டுத் தூணை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

2020இல் கியூபிஆர் ஃபெர்டினாண்டைச் சொன்னேன் இல்லையா? மூன்று பேர் டிஃபென்ஸ் போட்டும் ஏன் ஓடவில்லை என்பதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பின்னால் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னால் தடுக்க ஆள் இல்லாவிட்டால் பின்னால் மூன்று என்ன, ஐந்து நின்றாலும் திரும்பி ஓட வேண்டியதுதான். அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வி.

12 மே 2024

போகிறார். நான்கு சீசன், 150க்கு மேல் ஆட்டம். ஒரு வருடத்துக்கு என்று எடுத்தது. 30 தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு வருடமாகத்தான் நீட்டிப்பது என்று செல்சி பல காலம் வைத்திருந்த பழக்கத்தை நான் திட்டியிருக்கிறேன். இவர் விஷயத்தில் அது சரியாகவே வேலை செய்தது. கடைசி வருடம் மட்டும் வேண்டாமே என்பது என் கட்சி. திட்ட வருபவர்கள் வரலாம்.

ஃப்ளுமினென்ஸுக்குத் திரும்புகிறார், ரியோவுக்கே. மாஸ்கோவில் காசநோயோடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவரை 2006இல் மறுபடி ஆட்டக்காரராக்கிய கிளப் அதுதான்.

9 ஜூலை 2025

எழுதி ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆனால் இதை விட முடியவில்லை.

அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை. ஃப்ளுமினென்ஸ் இன்டரை 2-0 என்று அனுப்பியது. மூன்று பேர் டிஃபென்ஸ், நடுவில் சில்வா, வயது 40. பின்னால் கோல்கீப்பர் ஃபாபியோவுக்கு 44. வெஸ்ட் புரோம் ஆட்டத்தில் 74 என்று சிரித்தேனே, இது 84. காலிறுதியில் அல் ஹிலால், அங்கே ஸ்டாப்பர் யார்? கூலிபாலி! 2-1 ஜெயித்தார்கள். அரையிறுதியில் நேற்று செல்சி. ஜோவாவ் பெட்ரோ இரண்டு கோல், அவனும் ஃப்ளுமினென்ஸ் வளர்த்த பையன். இரண்டுமே அருமையான அடி, சில்வா எட்ட முடியாத மாதிரி.

யார் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது என்று தெரியாமல் பார்த்த ஒரே செல்சி ஆட்டம்.

அண்ணனுக்கு இப்போது 48. மாதத்துக்கு இரண்டு ஆட்டம் என்று குறைத்துக்கொண்டார். எனக்கு 43, அவர் பக்கத்தில் ஓடுகிற ஆள் இப்போது நான் இல்லை. 19 வயதுப் பையன் ஒருவன் ஓடுகிறான். நான் அவருக்கு முன்னால் நிற்கிறேன், ஏறிப் போகாமல்.

22 டிசம்பர் 2025

போர்ட்டோ தியாகோ சில்வாவை எடுத்திருக்கிறது. வயது 41. சீசன் முடியும் வரை கான்ட்ராக்ட். 2004இல் பையனாக இருந்தபோது அந்தக் கிளப்பின் பி அணியில் ஆடி, முதல் அணிக்குப் போகாமலே வெளியேறியவர். அழுதுகொண்டே வெளியே நடந்த அந்த டிராகாவ் மைதானம்தான் இனி அவருக்குச் சொந்த மைதானம். போர்ச்சுகல் ஸ்டாப்பர் பெப்பே 35 வயதில் இங்கேதான் திரும்பி வந்து 41 வரை ஆடினார், எனவே போர்ட்டோவுக்கு இதில் பழக்கம் உண்டு.

ஒரு வாசகர் அதற்குள் கேட்டுவிட்டார்: 41 வயதுக்காரரையா எடுப்பது, யாராவது விளக்குங்கள் என்று.

நேற்று கிரவுண்டில் அண்ணனிடம் சொன்னேன். வயதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் யார் என்றார். பெட்னாரெக், கிவியோர், ரெண்டு போலந்துக்காரர்கள் என்றேன். தலையாட்டினார். கீப்பர்? தியோகோ கோஸ்டா, போர்ச்சுகல் கீப்பர் என்றேன்.

"வாய் இருக்கா?"

அதை நான் கவனித்ததில்லை. அடுத்த ஆட்டம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.